எஞ்சினுக்கு மறுபிறவி

மயிலாடுதுறையில் ஒரு பழைய வீடு. திண்ணையை ஒட்டிய கொட்டகையில் வெள்ளை நிற அம்பாசடர் கார் ஒன்று நிற்கிறது. ஒரு காலத்தில் பூம்புகாருக்கும் வைத்தீஸ்வரன் கோயிலுக்கும் குடும்பத்தையே ஏற்றிச் சென்ற வண்டி. இப்பொழுது சாவியைத் திருகினால் எஞ்சின் இருமுகிறது. பின்னால் நீலப் புகை சூழ்கிறது. சிறு பாலத்தின் ஏற்றத்தைக் கூட மூச்சு வாங்கிக்கொண்டே கடக்கிறது. பட்டறைக்காரர் வந்து பார்க்கிறார். புகையின் நிறத்தைக் கண்டதுமே, "போர் போயிடுச்சு, எஞ்சினை இறக்கணும்" என்கிறார்.

இப்படியொரு காட்சியைக் காவிரிப் படுகையின் எந்த ஊரிலும் கற்பனை செய்து கொள்ளலாம். 'போர் போவது' என்றால் என்ன? தேய்ந்துபோன எஞ்சின் எப்படி மீண்டும் புதியது போல் ஆகிறது? இந்தக் கலை நம் ஊர்களுக்கு எப்படி வந்தது? விடை காண நாம் இருநூற்றைம்பது ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

துளையில் பிறந்த கலை

நீராவி எஞ்சினைச் செம்மைப்படுத்திய ஜேம்ஸ் வாட் ஒரு பெரிய இடையூற்றைச் சந்தித்தார். அவருடைய எண்ணம் சரியாகவே இருந்தது. ஆனால் அதற்கேற்ற உருளையை (சிலிண்டரை) யாராலும் சரியான வட்டமாகச் செய்து தர முடியவில்லை. உருளைக்கும் அதனுள் ஓடும் உந்துதண்டுக்கும் (பிஸ்டனுக்கும்) இடையே நீராவி கசிந்து வீணாயிற்று. இங்கிலாந்தில் இரும்பு வார்ப்புத் தொழில் நடத்திய ஜான் வில்கின்சன் 1774-ஆம் ஆண்டில் பீரங்கிக் குழல்களைத் துளையிடும் முறை ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். அந்த அனுபவத்தைக் கொண்டு அடுத்து வாட்டின் உருளைகளையும் கடைந்து தந்தார். பெரிய உருளை ஒன்றில் பிழை ஒரு நாணயத்தின் தடிமனுக்குள் அடங்கியது. அன்றைக்கு அது வியத்தகு சாதனை. இன்று நம் பட்டறைகளில் ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்காக்கி, அதில் ஒரு பங்கு, இரண்டு பங்கு என்று கணக்கிடுகிறார்கள். நாணயத் தடிமனிலிருந்து ஆயிரத்தில் ஒரு பங்கு வரை வந்த பயணமே எஞ்சினின் வரலாறு எனலாம்.

அதற்குப் பின் இரண்டு கண்டுபிடிப்புகள் துணை வந்தன. 1839-இல் அமெரிக்கரான ஐசக் பாபிட், வெள்ளீயத்தை முதன்மையாகக் கொண்ட மென்மையான கலப்பு உலோகத்தைத் தாங்கிகளுக்கு (பேரிங்குகளுக்கு) உள்பூச்சாக அமைக்கும் முறையைக் கண்டார். சுழலும் எஃகுத் தண்டு தேயாமல், எளிதில் மாற்றக்கூடிய மென்பூச்சு தேயட்டும் என்பது இதன் தத்துவம். 1850-களில் ஜான் ராம்ஸ்பாட்டம் என்ற ஆங்கிலப் பொறியாளர், ஓரிடத்தில் வெட்டு விட்ட உலோக வளையத்தை உந்துதண்டின் பள்ளத்தில் பொருத்தினார். வில் போல் விரியும் அந்த வளையம் உருளையின் சுவரை எப்போதும் அணைத்துக்கொண்டு கசிவைத் தடுத்தது. 'பிஸ்டன் ரிங்' என்று நாம் சொல்வது இதைத்தான்.

1876-இல் ஜெர்மானியரான நிக்கோலஸ் ஓட்டோ நான்கு வீச்சு எஞ்சினை ஓட்டிக் காட்டினார். உறிஞ்சுதல், அழுத்துதல், வெடித்தல், வெளியேற்றல் என்ற அதே நான்கு வீச்சுகளில்தான் நம் அம்பாசடரும் ஓடுகிறது.

கலந்து குவித்த மூன்று கார்கள்

தொடக்க காலக் கார்களில் ஒவ்வொரு பாகமும் அந்தந்த வண்டிக்கென்று அரம் போட்டு இழைத்துப் பொருத்தப்பட்டது. ஒன்றின் பாகம் மற்றொன்றுக்குச் சேராது. பழுதானால் அதே தொழிற்சாலையின் கைவினைஞரே வரவேண்டும்.

1908-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் புரூக்லாண்ட்ஸ் பந்தயத் தளத்தில் ஒரு சோதனை நடந்தது. மூன்று காடிலாக் கார்களை முற்றிலும் பிரித்து, பாகங்களையெல்லாம் ஒரே குவியலாகக் கலந்தார்கள். சில பாகங்களை எடுத்துவிட்டு விற்பனையாளரின் கிடங்கிலிருந்து வேறு பாகங்களைச் சேர்த்தார்கள். பின்னர், அந்தக் குவியலிலிருந்து திருகுளி, ஸ்பேனர் போன்ற எளிய கருவிகளைக் கொண்டே மூன்று கார்களையும் மீண்டும் பூட்டினார்கள். மூன்றும் 500 மைல் ஓடிக் காட்டின. அரம் தேவைப்படவில்லை! ஒரே அளவில் பாகங்களைச் செய்தால் தொழிற்சாலையை விட்டு எத்தனை தொலைவிலும் எஞ்சினைப் புதுப்பிக்கலாம் என்பதை அந்தச் சோதனை உலகுக்கு உணர்த்தியது. மாயவரத்தில் ஒரு பட்டறை நடக்க முடிந்ததற்கு அடிப்படை இதுவே அன்றோ?

தமிழகத்தில் மோட்டார்

சென்னையில் சிம்ப்சன் நிறுவனம் 1840-இல் தொடங்கியது. அங்கே பணியாற்றிய சாமுவேல் ஜான் கிரீன் 1903-ஆம் ஆண்டில் நீராவியால் ஓடும் கார் ஒன்றைக் கட்டிச் சென்னைத் தெருக்களில் ஓட்டினார். டி. வி. சுந்தரம் அய்யங்கார் 1911-இல் மதுரையில் தம் தொழிலைத் தொடங்கி, அடுத்த ஆண்டில் மதுரைக்கும் தேவகோட்டைக்கும் இடையே பேருந்து விட்டார். 1920-இல் கோவை ஜி. டி. நாயுடு ஒரே ஒரு பேருந்தைப் பொள்ளாச்சி – பழனி சாலையில் ஓட்டத் தொடங்கினார். மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி, பிரித்துப் பார்த்துத் தாமே எந்திர அறிவைப் பெற்றவர் அவர்.

காவிரிப் படுகையிலும் பேருந்துத் தொழில் வேரூன்றியது. கும்பகோணத்தில் ராமன் அண்ட் ராமன், ஸ்ரீ ராம விலாஸ் போன்ற தனியார் நிறுவனங்கள் பேர் பெற்றிருந்தன. 1972-இல் கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்டு அரசின் சோழன் போக்குவரத்துக் கழகம் அமைந்தது. மெக்கானிக்குகளுக்குப் பயிற்சிப் பள்ளிகளாக இருந்தவை இத்தகைய பேருந்துக் கொட்டகைகளே. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் பையனாக நுழைந்தவர்கள் பலர், எஞ்சினின் ஓசையைக் கேட்டே நோயைச் சொல்லும் வல்லவர்களாக வெளியே வந்தார்கள். 1950-இல் கைவினைஞர் பயிற்சித் திட்டம் தொடங்கிய பின் தொழிற்பயிற்சி நிலையங்கள் வழியாகவும் இளைஞர்கள் வரலானார்கள்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. வண்டியின் பின்புறத்தில் கரி எரிக்கும் உலை ஒன்றைப் பொருத்தி, அதில் உண்டாகும் வாயுவைக் கொண்டு பேருந்துகளை ஓட்டினார்கள். டி.வி.எஸ். நிறுவனமும் அத்தகைய கரிவாயு உலைகளைச் செய்து விற்றது. சரியாக வடிகட்டப்படாத கரித்தூளும் சாம்பலும் உருளைக்குள் புகுந்தால் எஞ்சின் விரைவில் தேயும். எஞ்சினை அடிக்கடி இறக்கி ஏற்றும் பழக்கம் வலுப்பட அந்தப் பஞ்ச காலமும் ஒரு காரணம்.

ஏன் தூக்கி எறியவில்லை?

விடுதலைக்குப் பின் வந்த கொள்கை மாற்றம் இந்தக் கலையின் போக்கையே தீர்மானித்தது. அந்நியச் செலாவணி பற்றாக்குறையாக இருந்தது. முழுதாகக் கட்டிய கார்களின் இறக்குமதி 1949-இல் தடுக்கப்பட்டது. இந்நாட்டிலேயே பாகங்களைச் செய்யும் திட்டம் உள்ளவர்கள் மட்டுமே தொழிலில் நீடிக்கலாம் என்ற நிலை 1953-இல் வந்தது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் இந்தியாவில் தங்கள் கட்டுமானப் பணியை மூடிவிட்டுச் சென்றன. அவற்றின் கார்களை வைத்திருந்தவர்களுக்கு உதிரிப் பாகம் கிடைப்பது அரிதாயிற்று. இருக்கும் எஞ்சினையே மீண்டும் மீண்டும் உயிர்ப்பிப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

அதே காலத்தில் உள்நாட்டுத் தொழிலும் வளர்ந்தது. சிம்ப்சனைத் தலைமையாகக் கொண்ட அமால்கமேஷன்ஸ் குழுமம் 1949-இல் சென்னையில் இந்தியா பிஸ்டன்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியது. வண்டலூர் அருகே ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை அமைந்து, 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரைக் கட்டியது. பம்பாயில் பிரீமியர் நிறுவனம் ஃபியட் காரைச் செய்தது.

நம் கதாநாயகனின் பிறப்பைப் பார்ப்போம். பி. எம். பிர்லா 1942-இல் தொடங்கிய இந்துஸ்தான் மோட்டார்ஸ், முதலில் குஜராத்தின் ஓக்கா துறைமுகத்தில் இருந்து, பின்னர் 1948-இல் வங்காளத்தின் உத்தரபாராவுக்கு மாறியது. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு இரண்டாம் வரிசைக் காரைத் தழுவி 1954-இல் லேண்ட்மாஸ்டர் வந்தது. மூன்றாம் வரிசையைத் தழுவி 1950-களின் இறுதியில் அம்பாசடர் பிறந்தது. தொடக்கத்தில் அதில் இருந்தது பக்க வால்வு கொண்ட பழைய 1,476 கன செ.மீ. எஞ்சின். 1959-இல் தலை வால்வு கொண்ட 1,489 கன செ.மீ. எஞ்சின் பொருத்தப்பட்டது. ஆஸ்டினும் மோரிஸும் 1952-இல் இணைந்து உருவான பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் 'பி' வரிசை எஞ்சின் அது. பல ஆண்டுகள் பெரிய மாற்றமின்றி அதே எஞ்சினே வந்ததால், நாட்டின் எந்த மூலையிலும் பாகம் கிடைத்தது. எந்த மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பூட்டப் பழகினார். மாறாமை என்று பலர் கேலி செய்த குணமே அதன் நீண்ட ஆயுளுக்கு மருந்தாயிற்று.

எங்கே தேய்கிறது?

இந்த எஞ்சினில் உருளையின் குறுக்களவு 73.025 மி.மீ.; உந்துதண்டின் வீச்சு 88.9 மி.மீ. ஒரு சுற்றுக்கு உந்துதண்டு மேலே ஒரு முறை, கீழே ஒரு முறை என ஏறத்தாழ 178 மி.மீ. ஓடுகிறது. கார் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும்போது எஞ்சின் நிமிடத்துக்கு 2,500 சுற்றுகள் சுற்றுவதாக வைத்துக்கொள்வோம். உந்துதண்டு நிமிடத்துக்கு 445 மீட்டர், மணிக்கு 26.7 கி.மீ. ஓடியிருக்கும். கார் ஒரு லட்சம் கி.மீ. ஓடும்போது ஒவ்வோர் உந்துதண்டும் தன் சிறு கூண்டுக்குள்ளேயே 44,500 கி.மீ. ஓடி முடிக்கிறது. பூமியின் சுற்றளவே ஏறத்தாழ 40,000 கி.மீ.தான்! இத்தனை ஓட்டத்திற்குப் பின் தேயாமல் இருக்குமா?

ஆனால் உருளை எங்கும் ஒரே அளவாகத் தேய்வதில்லை. வளையங்கள் திரும்பும் உச்சிப் பகுதியில் வேகம் ஒரு கணம் சுழியாகிறது. வெப்பமும் அழுத்தமும் அங்கே மிகுதி. எண்ணெய்ப் படலமோ மெலிவு. எனவே மேல்பகுதி அதிகமாகத் தேய்ந்து, துளை புனல் போல் சற்றே விரிகிறது. இணைப்புத் தண்டு சாய்வாகத் தள்ளுவதால் உந்துதண்டு ஒரு பக்கச் சுவரை அழுத்துகிறது, வட்டம் நீள்வட்டமாகிறது. வளையங்களால் இந்தக் கோணலை அடைக்க முடிவதில்லை. கீழிருந்து எண்ணெய் ஏறி எரிகிறது. அதுவே நீலப் புகை. அழுத்தம் குறைவதால் ஆற்றலும் குறைகிறது. கரும்புகை வந்தால் பெட்ரோல் மிகுதி. அதற்கு எரிகலப்பியைச் சரி செய்தால் போதும். நிறத்தைக் கண்டு நோயைச் சொன்ன பட்டறைக்காரரின் அறிவு இதுதான்.

இறக்குதல், கடைதல், பூட்டுதல்

முதலில் மின்கலத்தின் இணைப்பு நீக்கப்படுகிறது. தண்ணீரும் எண்ணெயும் வடிக்கப்படுகின்றன. ரேடியேட்டர், எரிகலப்பி, புகைக் குழாய் ஆகியவை கழற்றப்படுகின்றன. மூன்று கம்பங்களை முக்காலியாக நிறுத்தி, செயின் பிளாக்கை மாட்டி எஞ்சினைத் தூக்குகிறார்கள். பிரிக்கும்போது ஒவ்வொரு பாகத்துக்கும் எண் இடவேண்டும். தாங்கியின் மூடிகள் அதனதன் இடத்துக்கே திரும்பிச் செல்லவேண்டும். மாறினால் சுழல்தண்டு இறுகிவிடும்.

துளையை அளவுகாட்டியால் அளந்த பின், உருளைக் கட்டையைக் கடைசல் எந்திரம் உள்ள பட்டறைக்கு அனுப்புகிறார்கள். அங்கே துளையை ஆயிரத்தில் 20 பங்கு அங்குலம், அல்லது 40 பங்கு பெரிதாக்கி, மறுபடியும் சரியான வட்டமாக்குகிறார்கள். அதற்கேற்ற பெரிய உந்துதண்டுகள் கடையில் கிடைக்கும். 40 பங்கு பெரிதாக்கினால் குறுக்களவு ஏறத்தாழ 74.04 மி.மீ. ஆகிறது. நான்கு உருளைகளின் கொள்ளளவு என்னவாகும்? கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1,489 என்பது சுமார் 1,531 கன செ.மீ. ஆகிவிடும். ஆனால் இப்படிப் பெரிதாக்கிக்கொண்டே போகமுடியாது; சுவர் மெலிந்துவிடும். எல்லை வந்ததும் உள்ளே புதிய இரும்புக் குழாயைச் செருகி (ஸ்லீவ் அடித்து), மீண்டும் பழைய அளவுக்கே கடைகிறார்கள். எஞ்சின் தன் முதற்பிறவிக்குத் திரும்புகிறது.

வணரித்தண்டு (கிராங்க்) தேய்ந்திருந்தால் கதை தலைகீழ். அதைச் சாணை பிடித்துச் சிறிதாக்கி, அதற்கேற்பத் தடித்த தாங்கிகளைப் போடுகிறார்கள். துளை வளர்கிறது, தண்டு மெலிகிறது, இடைவெளி மட்டும் முதல் நாள் இருந்தபடியே இருக்கவேண்டும். புதுப்பித்தலின் இரகசியமே இதில் அடங்கியிருக்கிறது.

பூட்டும்போது நேரும் பெரிய பிழை, அவசரத்தில் கழுவாமல் விடுவது. கடைந்த துகளும் சாணைப் பொடியும் எண்ணெய் வழிகளில் ஒளிந்திருந்தால், ஆயிரக்கணக்கில் செலவழித்த வேலை சில நூறு கிலோமீட்டரில் பாழாகும். நல்ல பட்டறைக்காரர் மண்ணெண்ணெயால் அலசி, சோப்பு நீரால் தேய்த்து, காற்றால் ஊதி, வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்க்கிறார். துணியில் கறை இருந்தால் மறுபடியும் கழுவல்தான்.

வால்வுகளை அவற்றின் இருக்கைகளில் பொடி வைத்துத் தேய்த்துப் பொருந்த வைக்கிறார்கள். நேரச் சங்கிலியின் இரு பற்சக்கரங்களிலும் உள்ள புள்ளிகளை எதிரெதிரே நிறுத்துகிறார்கள். உருளைத் தலையின் நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக, சிறிது சிறிதாக இறுக்குகிறார்கள். பின் எஞ்சின் மெதுவாகத் தன் கூட்டுக்குள் இறங்குகிறது. முதலில் கைப்பிடியால் சுற்றி, எண்ணெய் எங்கும் பரவ விட்டு, பிறகே சாவி. தீப்பொறி 1-3-4-2 என்ற முறையில் பாய்கிறது. எஞ்சின் உறுமி நிதானமாகிறது. அதன் பின்னும் சில நூறு மைல்களுக்குப் பொறுமையாகவே ஓட்டவேண்டும். புது வளையமும் புதுச் சுவரும் ஒன்றோடொன்று பழகிக்கொள்ளும் காலம் அது.

எதிரே நிற்கும் கேள்வி

2014-ஆம் ஆண்டு மே மாதத்தில் உத்தரபாராவில் அம்பாசடர் உற்பத்தி நின்றது. பழைய வண்டிகளுக்கு வேறு சோதனைகளும் வந்துவிட்டன. அந்தக் காலப் பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலந்திருந்தது. அது வால்வு இருக்கைகளுக்கும் ஒரு காப்பாக இருந்தது. உடல் நலத்தைக் கெடுக்கும் ஈயம் 2000-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாடெங்கும் பெட்ரோலிலிருந்து நீக்கப்பட்டது. ஆகவே இப்போது புதுப்பிக்கும்போது கடினமான உலோகத்தாலான இருக்கை வளையங்களைச் செருகுவது நல்லது. இன்றைய பெட்ரோலில் கலக்கும் எத்தனால் பழைய ரப்பர்க் குழாய்களையும் பம்பின் சவ்வையும் கெடுக்கக்கூடும்; அவற்றையும் தக்க பொருளால் மாற்றவேண்டும்.

செலவுக்கு அஞ்சிப் பலர் அம்பாசடரின் பழைய பெட்ரோல் எஞ்சினை எறிந்துவிட்டு வேறு வண்டியின் டீசல் எஞ்சினைப் பொருத்தினார்கள். பயன் கருதி அது நியாயமாக இருக்கலாம். ஆனால் 2021-ஆம் ஆண்டு ஜூலையில் மைய அரசு வெளியிட்ட விதிகள் ஒரு புதிய கோணத்தைக் காட்டுகின்றன. முதல் பதிவுக்குப் பின் 50 ஆண்டுகளைக் கடந்த கார்களும் இரு சக்கர வண்டிகளும் பாரம்பரிய வண்டிகளாகத் தனிப் பதிவு பெறலாம். ஆனால் அடிச்சட்டம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் மாறுதல் செய்யாமல், மூல வடிவிலேயே அவை பேணப்பட்டிருக்க வேண்டும். எஞ்சினை மாற்றியவருக்கு அந்தத் தகுதி ஐயத்துக்குரியது. பொறுமையாக ஸ்லீவ் அடித்து, அதே கட்டையை அதே அளவுக்குக் கொண்டுவந்தவரின் வண்டியோ வரலாற்றுச் சான்றாக நிற்கிறது.

பழைய கார்களைக் காண விரும்பும் மாணவர்கள் கோவையில் உள்ள ஜீடி கார் அருங்காட்சியகத்துக்குச் சென்று வரலாம். வண்டிகளைக் கண்ணாடி போல் துடைத்து வைத்துக் காக்கமுடியும். ஆனால் வெள்ளைத் துணியால் துளையைத் துடைத்துப் பார்க்கும் பழக்கத்தை எந்தக் கூடத்தில் வைத்துக் காப்பது? அது கையிலிருந்து கைக்கு மட்டுமே செல்லும் செல்வம். புதிய கார்களில் பழுதைக் கணினி சொல்கிறது. பாகத்தை மொத்தமாக மாற்றிவிடுகிறார்கள். ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலத்தை விரல் நுனியால் உணரும் மூத்தவர்கள் நம் ஊர்களில் குறைந்து வருகிறார்கள்.

ஆகவே உங்கள் ஊரில் எங்கேனும் ஒரு பழைய எஞ்சின் முக்காலியில் தொங்குவதைக் கண்டால் சிறிது நேரம் நின்று பாருங்கள். பட்டறைக்காரரிடம், "ஐயா, போர் எவ்வளவு போயிருக்கு?" என்று கேளுங்கள். வில்கின்சனும் ராம்ஸ்பாட்டமும் பாபிட்டும் விட்டுச் சென்ற பாடத்தை, எண்ணெய் படிந்த கையோடு அவர் உங்களுக்குத் தமிழில் விளக்குவார்.